இளம் வீரரை வளர்ப்பதா, கைமாற்றுவதா: என்.பி.ஏ. அணிகளின் நான்காண்டுக் கணக்கு

2025 ஜூன் 22 அன்று நடந்த, வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி, இண்டியானா பேசர்ஸ் அணியை 103-91 என்ற புள்ளிக்கணக்கில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. வென்ற அணியின் முதன்மை வீரர் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர். தோற்ற அணியின் முதன்மை வீரர், முதல் கால்பகுதியிலேயே குதிகால் தசைநாண் அறுந்து களத்தைவிட்டு வெளியேற நேர்ந்த டைரீஸ் ஹாலிபர்ட்டன். இந்த இருவரையுமே அவர்கள் முதன்முதலில் ஆடிய அணிகள் வெகு சீக்கிரத்தில் கைமாற்றிவிட்டன. கில்ஜியஸ்-அலெக்சாண்டர் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணிக்காக ஆடியது ஒரே ஒரு சீசன். ஹாலிபர்ட்டன் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியிலிருந்து அனுப்பப்பட்டபோது அவருடைய இரண்டாவது சீசன்கூட முடிந்திருக்கவில்லை.

இப்படிப்பட்ட செய்திகளைக் கேட்டதும் விற்ற அணிகளுக்கு அறிவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுவது எளிது. கூடைப்பந்து ரசிகர்களிடம் இதற்கென்றே ஒரு பழைய பட்டியல் உண்டு. 1996 டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு) 13ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட கோபி பிரையன்டை, விளாடே டிவாட்ஸுக்காக லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்த சார்லட். 1998இல் 9ஆவது இடத்தில் எடுத்த டிர்க் நோவிட்ஸ்கியை ராபர்ட் டிரெய்லருக்காக டாலஸ் அணிக்குக் கொடுத்த மில்வாக்கி என்று அது நீளும். அந்தப் பட்டியலில் உள்ள குறை என்னவென்றால், பிற்காலத்தில் பெரிய வீரர்களாக வளர்ந்தவர்கள் மட்டுமே அதில் இடம்பெறுகிறார்கள். கைமாற்றப்பட்ட பின் நாலைந்து ஆண்டுகளில் லீக்கைவிட்டே காணாமல் போனவர்களின் எண்ணிக்கை இவர்களைவிடப் பல மடங்கு அதிகம்; அவர்களை விற்றவர்களுக்கு யாரும் பாராட்டுப் பத்திரம் வாசிப்பதில்லை. இந்தக் கேள்வியைப் பொறுமை, அவசரம் என்ற குணங்களுக்கு இடையிலான போட்டியாகப் பார்ப்பதே தவறு என்பது என் எண்ணம். எந்த இளைஞரை, எந்தக் காரணத்துக்காக, அவருடைய ஒப்பந்தத்தின் எந்தக் கட்டத்தில் விற்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் விற்றது சரியா தவறா என்று சொல்ல முடியும்.

ஒப்பந்தத்திலிருந்தே தொடங்குவது நல்லது, ஏனெனில் மற்ற எல்லா முடிவுகளும் அதன் காலக்கெடுவுக்குள்தான் எடுக்கப்படுகின்றன. டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வாகும் வீரரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள் வரை செல்லும். முதல் இரண்டு ஆண்டுகளின் ஊதியம் உறுதி செய்யப்பட்டது. மூன்றாவது, நான்காவது ஆண்டுகளில் அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அணியின் விருப்பம். ஊதியத்தைப் பேரம் பேசி நிர்ணயிப்பதில்லை. எத்தனையாவது இடத்தில் தேர்வானார் என்பதைப் பொறுத்து அட்டவணையில் முன்கூட்டியே வகுக்கப்பட்ட தொகை அது. மூன்றாவது சீசன் முடிந்ததும் ஒப்பந்த நீட்டிப்புப் பேச்சு தொடங்கலாம். அப்படி நீட்டினால் ஐந்தாவது ஆண்டு முதல் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் விதிக்கும் உச்சவரம்பில் 25 விழுக்காடு வரை அந்த ஒருவருக்கே போகலாம். சில உயரிய விருதுகளைப் பெற்றிருந்தால் அது 30 விழுக்காடாகவும் உயரும். நீட்டிக்காவிட்டால் நான்காம் ஆண்டின் முடிவில் வேறு எந்த அணி வேண்டுமானாலும் அவருக்கு விலை சொல்லலாம். அதே விலையைத் தந்து தக்கவைத்துக்கொள்ளும் உரிமை மட்டுமே பழைய அணிக்கு மிஞ்சும்.

இதில் ஒரு சிக்கல் பொதிந்திருக்கிறது. 2006 டிராஃப்ட் முதல் குறைந்தபட்ச வயது 19 என்று விதிக்கப்பட்டதால், திறமைசாலிகளில் பெரும்பாலோர் ஓராண்டு கல்லூரியில் ஆடிவிட்டு வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய மலிவு ஒப்பந்தம் முடியும்போது வயது 23. கூடைப்பந்து வீரர் ஒருவர் தன் ஆட்டத்தின் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் இருபதுகளின் பிற்பகுதியில்தான். ஆகவே ஒரு வீரரின் குறைந்த விலை ஆண்டுகளும் சிறந்த ஆட்ட ஆண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை; விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் இன்னொருவர் என்றாகிவிட இதுவே முதல் காரணம். நான்காண்டுகள் தவறுகளைப் பொறுத்துக்கொண்டு ஆடவைத்த அணி, அவர் தேறி வரும் நேரத்தில் அவருக்கு முழு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர் தேறுவாரா என்று உறுதியாகத் தெரிவதற்கு முன்பே அந்த விலையைப் பேச வேண்டியிருக்கிறது என்பது இன்னும் கடினமான உண்மை.

இந்தச் சிக்கல் எப்படியெல்லாம் வேலை செய்யும் என்பதற்கு ஒரே பரிமாற்றத்தின் நீண்ட வரலாறு போதும். 2010 டிராஃப்டில் 10ஆவது இடத்தில் இண்டியானா எடுத்த பால் ஜார்ஜ், ஏழு ஆண்டுகளில் அந்த அணியின் தலைமகனாக வளர்ந்தார். ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுவேன் என்று அவர் தெரிவித்ததால், 2017 கோடையில் அவரை ஓக்லஹோமா சிட்டிக்கு அனுப்பிவிட்டு விக்டர் ஓலடிப்போவையும் டொமன்டாஸ் சபோனிஸையும் இண்டியானா பெற்றது. அன்று கிடைத்த விமர்சனம், நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டுச் சில்லறையை வாங்கினார்கள் என்பதுதான். சபோனிஸுக்கு அப்போது லீக்கில் ஒரே ஒரு சீசன் அனுபவம். ஓக்லஹோமாவில் ரசல் வெஸ்ட்புரூக்கின் ஆட்டத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பதற்காக அவரை வளையத்திலிருந்து தள்ளி, மூன்று புள்ளிக் கோட்டருகே நிறுத்திவைத்தார்கள். ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 5.9 புள்ளிகள் எடுத்தார். இண்டியானாவில் அவரிடம் பந்தைக் கொடுத்து, வளையத்துக்கு அருகில் ஆடவிட்டு, மற்றவர்களுக்குப் பந்தைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது சீசனின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அவர் இரண்டு முறை தேர்வானார். ஆள் அதே ஆள்தான். நின்ற இடம் மாறியது.

அந்தச் சபோனிஸ்தான் 2022 பிப்ரவரியில் ஹாலிபர்ட்டனுக்கான விலையாகச் சாக்ரமெண்டோவுக்குச் சென்றார். மறுபுறம், ஓக்லஹோமா பெற்ற பால் ஜார்ஜ் இரண்டே ஆண்டுகளில் கிளிப்பர்ஸுக்கு அனுப்பப்பட்டார். அதற்கு ஈடாக வந்தவர் கில்ஜியஸ்-அலெக்சாண்டர். ஆக 2025 இறுதித் தொடரின் இரு முதன்மை வீரர்களும் 2017இல் நடந்த ஒரே பரிமாற்றத்தின் இரு கிளைகளில் வந்து சேர்ந்தவர்கள். வளர்ப்பதும் விற்பதும் எதிரெதிர் வழிகள் என்று நினைப்பவர்கள் இந்தக் கிளைகளை ஒருமுறை தொடர்ந்து பார்க்க வேண்டும். ஜார்ஜை இண்டியானா வளர்த்திராவிட்டால் விற்க ஒன்றுமே இருந்திருக்காது.

சாக்ரமெண்டோ ஹாலிபர்ட்டனை ஏன் விற்றது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். 2020 டிராஃப்டில் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அவரை 12ஆவது இடத்தில் சாக்ரமெண்டோ எடுத்தது. தோளுக்கு முன்னாலிருந்து பந்தைத் தள்ளிவிடுவதுபோன்ற அவருடைய விசித்திரமான எறியும் முறை அப்போது பலருடைய ஐயத்துக்கு உள்ளானது. முதல் சீசனிலேயே சராசரியாக 13 புள்ளிகளும் 5.3 அசிஸ்ட்டுகளும் (சக வீரர் புள்ளியெடுக்க வழிசெய்யும் பந்துகள்) எடுத்து, சிறந்த புதுமுக வீரருக்கான வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பெற்றார். ஆகவே அவருடைய திறமையை அணி அறியாமல் இல்லை. ஆனால் அதே ஆண்டு டிஆரன் ஃபாக்ஸுக்கு ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 16.3 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பை அணி கொடுத்திருந்தது. ஃபாக்ஸும் பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்துபவர்தான். போதாக்குறைக்கு 2021 டிராஃப்டில் 9ஆவது இடத்தில் டேவியன் மிட்செல் என்ற இன்னொரு கார்டையும் (பந்தைக் கொண்டுசென்று ஆடுபவர்) எடுத்து வைத்திருந்தார்கள். இருப்பதோ ஒரு பந்து. வளையத்தடியில் ஆடக்கூடிய தரமான பெரிய வீரர் அணியில் இல்லை. ஃபாக்ஸை விற்றிருக்கலாம் என்று இன்று சொல்கிறோம். நீண்ட ஒப்பந்தத்தில் இருந்த அவரைவிட, மலிவு ஒப்பந்தத்தில் இரண்டரை ஆண்டுகள் மீதமிருந்த ஹாலிபர்ட்டனுக்கே சந்தையில் விலை அதிகம் என்பதை அன்று எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

அந்த விலைக்கு என்ன கிடைத்தது? சாக்ரமெண்டோ 2006க்குப் பின் 16 சீசன்கள் தொடர்ந்து சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளின் வாயிலைத் தொடாத அணி, என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிக நீண்ட வறட்சி அது. சபோனிஸ் வந்த அடுத்த சீசனில், மைக் பிரவுனின் பயிற்சியில் 48 ஆட்டங்களில் வென்று மேற்குப் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தார்கள். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அரங்கத்தின் கூரையிலிருந்து ஊதா நிற லேசர் ஒளியை வானத்தில் பாய்ச்சும் வழக்கம் அந்த ஆண்டுதான் தொடங்கியது. சபோனிஸ் அந்த ஆண்டு முதல் தொடர்ந்து மூன்று சீசன்கள் தவறிய எறிதல்களுக்குப் பின் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டில் லீக்கிலேயே அதிகச் சராசரியை வைத்திருந்தார். முதல் சுற்றில் கோல்டன் ஸ்டேட்டிடம் ஏழு ஆட்டங்கள் வரை போராடித் தோற்றார்கள். ஒரு தலைமுறை ரசிகர்கள் பிளேஆஃப் ஆட்டத்தையே பார்த்திராத ஊரில், இதற்கு மதிப்பில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அதற்கு மேல் செல்ல வழியில்லை என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு 46 வெற்றிகளோடு பிளேஆஃபுக்கு முந்தைய தகுதி ஆட்டங்களான பிளே-இன் கட்டத்திலேயே வெளியேறினார்கள். 2024 டிசம்பரில் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். 2025 பிப்ரவரியில் ஃபாக்ஸே சான் ஆன்டோனியோவுக்குப் போய்விட்டார். எந்த ஃபாக்ஸுக்கு இடம் விடுவதற்காக ஹாலிபர்ட்டனை அனுப்பினார்களோ அவரும் மிஞ்சவில்லை. அதே காலத்தில் இண்டியானாவில் பந்து முழுக்க முழுக்க ஹாலிபர்ட்டன் கையில் கொடுக்கப்பட்டது. பரிமாற்றம் நடந்த சீசனின் எஞ்சிய 26 ஆட்டங்களில் அவருடைய அசிஸ்ட் சராசரி 9.6 ஆக உயர்ந்தது, 2023-24இல் 10.9 அசிஸ்ட்டுகளோடு லீக்கின் முதலிடம் அவருக்கு. 2024இல் கிழக்குப் பிரிவு இறுதி, 2025இல் சாம்பியன் பட்டத்துக்கு ஒரு ஆட்டம் குறைவு. சாக்ரமெண்டோவில் ஃபாக்ஸின் பக்கத்தில் நின்றிருந்தால் இந்த வளர்ச்சி இதே வேகத்தில் நடந்திருக்குமா என்று கேட்டால், நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். விற்றதில் பிழையில்லை, இருவரில் யாரை விற்பது என்ற தெரிவில்தான் பிழை.

கிளிப்பர்ஸின் கணக்கு வேறு வகை. 2018-19 சீசனின் 82 ஆட்டங்களிலும் ஆடிய கில்ஜியஸ்-அலெக்சாண்டர் சராசரியாக 10.8 புள்ளிகள் எடுத்திருந்தார். நல்ல புதுமுகம், ஆறு ஆண்டுகளில் ஆண்டின் மிகச்சிறந்த வீரர் விருது, அதிகப் புள்ளிச் சராசரி, இறுதித் தொடரின் சிறந்த வீரர் என்று மூன்றையும் ஒரே சீசனில் வாங்குவார் என்று அன்று யாரும் எழுதவில்லை. 2019 ஜூலையில் டொராண்டோவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு எந்த அணிக்கும் செல்லலாம் என்ற நிலையில் இருந்த காவை லெனர்ட், பால் ஜார்ஜும் வந்தால் கிளிப்பர்ஸுக்கு வருவார் என்பதுதான் அணியின் முன் இருந்த நிலை. ஆகவே தராசின் ஒரு தட்டில் ஜார்ஜ் மட்டும் இல்லை. லெனர்டும் ஜார்ஜும் இருந்தார்கள். அந்தத் தட்டை எடுத்ததற்காக கிளிப்பர்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2021இல் அந்த அணி தன் வரலாற்றிலேயே முதன்முறையாக மேற்குப் பிரிவு இறுதிக்குச் சென்றது. அதற்குச் சற்று முன்பு லெனர்டின் முழங்கால் தசைநார் கிழிந்திராவிட்டால் கதை மாறியிருக்கலாம்.

உண்மையில் கிளிப்பர்ஸைக் கொன்றது இளைஞரோடு சேர்த்துக் கொடுத்தவை. டனிலோ கலினாரி என்ற வீரர் போக, வருங்கால டிராஃப்டுகளில் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகளும், இரண்டு ஆண்டுகளில் தேர்வு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் ஓக்லஹோமாவுக்குப் போயின. அவற்றில் 2022ஆம் ஆண்டுக்கான தேர்வு 12ஆவது இடத்தில் விழுந்தது. சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேலன் வில்லியம்ஸை ஓக்லஹோமா அதில் எடுத்தது. 2025 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளிகள் குவித்தவர் அவர்தான். பால் ஜார்ஜோ 2024இல் ஒப்பந்தம் முடிந்ததும் பிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார்; கிளிப்பர்ஸுக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை.

ஓக்லஹோமாவின் பொது மேலாளர் சாம் பிரஸ்டியை இன்று பொறுமையின் திருவுருவமாக வருணிக்கிறார்கள். அவரே 2012 அக்டோபர் 27 அன்று, ஒப்பந்த நீட்டிப்புக்கான கெடு முடிய நான்கு நாட்கள் இருக்கும்போது, 23 வயது ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்கு விற்றவர். சில மாதங்களுக்கு முன்தான் அந்த அணி இறுதித் தொடரில் ஆடியிருந்தது. கெவின் டுரான்ட், வெஸ்ட்புரூக், செர்ஜ் இபாகா ஆகிய மூவருக்கும் நீண்ட ஒப்பந்தங்கள் கொடுத்தாயிற்று, ஹார்டனுக்கு உச்சத் தொகையைவிடச் சற்றுக் குறைவாகவே தர முடியும் என்றார்கள், அவர் ஏற்கவில்லை. கெவின் மார்ட்டின், ஜெரமி லேம்ப், சில தேர்வுரிமைகள் ஆகியவைதான் விலை. மார்ட்டின் ஓராண்டில் போய்விட்டார். தேர்வுரிமைகளில் ஒன்று ஸ்டீவன் ஆடம்ஸ் ஆனது மட்டுமே ஆறுதல். ஹார்டன் 2018இல் ஆண்டின் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்றார். கெடுவின் கழுத்தில் நின்று விற்பவருக்குப் பேரம் பேசும் வலு இருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வளர்ப்பது என்ற சொல்லைப் பலரும் காத்திருப்பது என்ற பொருளில் பயன்படுத்துகிறார்கள். அணிகளுக்குள் அது மிகவும் திட்டவட்டமான வேலை. காவை லெனர்டையே எடுத்துக்கொள்வோம். 2011 டிராஃப்டில் 15ஆவது இடத்தில் இண்டியானா அவரைத் தேர்ந்தெடுத்து, அன்றிரவே ஜார்ஜ் ஹில்லுக்காக சான் ஆன்டோனியோவுக்கு அனுப்பியது. சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியபோது மூன்று புள்ளி எறிதல்களில் நான்கில் ஒன்றைத்தான் அவர் வளையத்துக்குள் போட்டார். சான் ஆன்டோனியோவின் எறிதல் பயிற்சியாளர் சிப் எங்கெலண்ட், பந்தை விடுவிக்கும் இடத்தைத் தலைக்குப் பின்னாலிருந்து முன்னே கொண்டுவரச் செய்தார். மற்றபடி அவருடைய கையசைவைக் கலைத்துப் போடவில்லை. முதல் சீசனிலேயே லெனர்டின் மூன்று புள்ளி வெற்றி விகிதம் 37.6 விழுக்காட்டை எட்டியது. 22 வயதில் 2014 இறுதித் தொடரின் சிறந்த வீரரானார். இண்டியானாவில் அதே இடத்தில் ஆட டேனி கிரேஞ்சரும் பால் ஜார்ஜும் இருந்தார்கள்; அங்கே அவருக்கு இந்த நிமிடங்களும் இந்தப் பயிற்சியாளரும் கிடைத்திருக்க மாட்டார்கள். இண்டியானாபோலிஸைச் சேர்ந்தவரான ஹில்லோடு அந்த அணி 2013, 2014 இரண்டு ஆண்டுகளிலும் கிழக்குப் பிரிவு இறுதிவரை சென்றது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். எங்கெலண்ட் 2022இல் ஓக்லஹோமாவுக்கு வேலை மாறினார் என்பது தற்செயலான செய்தி என்று நான் நினைக்கவில்லை.

பயிற்சியாளருக்கு அடுத்தபடி தேவைப்படுவது ஆட்ட நிமிடங்கள். வெல்ல வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் அணியிடம் மிகக் குறைவாக இருக்கும் பொருளும் அதுவே. கோல்டன் ஸ்டேட் அணி 2020 டிராஃப்டில் 2ஆவது இடத்தில் ஜேம்ஸ் வைஸ்மனை எடுத்தது. ஏழடி உயரமுள்ள அவர் கல்லூரியில் ஆடியது மொத்தம் மூன்றே ஆட்டங்கள். ஸ்டெஃபன் கரியையும் டிரேமண்ட் கிரீனையும் சுற்றி அமைந்த அந்த அணியின் ஆட்டமோ, ஒருவருடைய கண்ணசைவை இன்னொருவர் படித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும் வகையைச் சேர்ந்தது. தடுமாறிக் கற்க வேண்டிய இளைஞருக்கு அங்கே தடுமாற நேரமில்லை. 39 ஆட்டங்களுக்குப் பின் முழங்கால் காயம். 2021-22 சீசன் முழுவதும் வெளியே. அந்த ஆண்டு கோப்பை வென்றபோது அவருடைய இடத்தில் ஆடியவர், 2015இல் 30ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட கெவான் லூனி. 2023 பிப்ரவரியில் வைஸ்மன் டெட்ராய்ட்டுக்கு அனுப்பப்பட்டபோது அவருக்குச் சந்தையில் கிடைத்த விலை, டிராஃப்ட் அன்று அந்த இரண்டாமிடத் தேர்வுக்குக் கிடைத்திருக்கக்கூடியதோடு ஒப்பிடவே முடியாதது. ஒரு இளைஞர் களத்தில் காலடி வைப்பதற்கு முந்தைய நாள்தான் அவர்மீதான நம்பிக்கை உச்சத்தில் இருக்கும். ஆடத் தொடங்கிய பிறகு நம்பிக்கையின் இடத்தைத் தகவல் பிடித்துக்கொள்கிறது.

அந்தத் தகவல் முதலில் சொந்த அணிக்கே கிடைக்கிறது என்பதில்தான் விற்பவரின் சாதகம் அடங்கியிருக்கிறது. பிலடெல்ஃபியா அணியின் மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் 2014இல் சிறந்த புதுமுக வீரர் விருது பெற்றார், 16.7 புள்ளிகள், 6.2 ரீபவுண்டுகள், 6.3 அசிஸ்ட்டுகள் என்ற அவருடைய சராசரி கண்ணைப் பறித்தது. தோல்விமேல் தோல்வி கண்ட அணியில் பந்தை நாள் முழுக்க வைத்திருந்ததால் வந்த எண்கள் அவை என்பதும், தொலைவிலிருந்து எறியத் தெரியாத குறை தீரப்போவதில்லை என்பதும் தினமும் பயிற்சியில் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த பிப்ரவரியிலேயே அவரை விற்று, லேக்கர்ஸின் முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றை வாங்கிவிட்டார்கள். அவர் அதற்குப் பின் அந்த உயரத்தைத் தொடவே இல்லை. 2017இல் முதலாவதாக எடுத்த மார்கெல் ஃபுல்ட்ஸையும் ஒன்றரை ஆண்டில் ஓர்லாண்டோவுக்கு அனுப்பினார்கள். அதில் வந்த தேர்வுரிமை 2020இல் 21ஆவது இடத்தில் டைரீஸ் மாக்ஸி ஆனது. இவையிரண்டும் அவசர விற்பனைகள்தாம், ஆனால் மிகச் சரியானவை. வேடிக்கை என்னவென்றால், கார்ட்டர்-வில்லியம்ஸை விற்று வாங்கிய உரிமையில் 2018இல் மிகல் பிரிட்ஜஸைத் தேர்ந்தெடுத்த அதே பிலடெல்ஃபியா, அன்றிரவே அவரை ஃபீனிக்ஸுக்கு விற்றுவிட்டுப் பின்னாளில் வருந்தியது. ஒரு நாள்கூடத் தன் பயிற்சிக்கூடத்தில் பார்க்காதவரை விற்கும்போது, அணியிடம் சந்தையைவிடக் கூடுதலான தகவல் எதுவும் இருப்பதில்லை.

லெப்ரான் ஜேம்ஸ் போன்ற ஒருவர் அணியில் இருக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் சுருங்கிவிடும். 2014இல் முதலாவதாக எடுத்த ஆண்ட்ரூ விகின்ஸை, ஒப்பந்தம் போட்ட புதுமுகத்தை 30 நாட்களுக்குக் கைமாற்றக் கூடாது என்ற விதி முடியும்வரை மட்டும் காத்திருந்து, லெப்ரான் ஆடிய கிளீவ்லண்ட் அணி கெவின் லவுக்காகக் கொடுத்தது. 2016இல் கோப்பை வந்தது. 2019இல் பிராண்டன் இங்ரம், லான்சோ பால், ஜாஷ் ஹார்ட் ஆகியோரையும் தேர்வுரிமைகளையும் ஆன்டனி டேவிஸுக்காகக் கொடுத்த, லெப்ரான் அப்போது ஆடிய லேக்கர்ஸுக்கு 2020இல் கோப்பை வந்தது. இரு அணிகளுக்கும் இளைஞர்கள் முதிரும்வரை காத்திருக்க நேரமில்லை, கேள்வியே எழவில்லை.

கேள்வி கூர்மையாக எழுவது, கையில் பல இளைஞர்கள் இருந்து எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியாதபோதுதான். 2016 டிராஃப்டில் டொராண்டோ 9ஆவது இடத்தில் யாக்கப் பர்ட்டிலையும் 27ஆவது இடத்தில் பாஸ்கல் சியாக்கமையும் எடுத்தது. சியாக்கமைத் தன் வளர்ப்பு அணியான ராப்டர்ஸ் 905இல் ஆடவைத்தது. 2017இல் அந்த அணி வளர்ப்பு அணிகளுக்கான டி-லீக் கோப்பையை வென்றபோது இறுதித் தொடரின் சிறந்த வீரர் அவர். 2018இல் லெனர்டுக்காக டிமார் டிரோசனோடு சேர்த்து அனுப்பப்பட்ட இளைஞர் பர்ட்டில். டிராஃப்ட் வரிசைப்படி உயர்ந்தவரைக் கொடுத்து, தாழ்ந்தவரை வைத்துக்கொண்டார்கள். 7.3 புள்ளிச் சராசரியில் இருந்த சியாக்கமிடம் என்ன இருக்கிறது என்பது அவரை வளர்ப்பு அணியில் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2019 கோப்பையில் அவர் பங்கு பெரிது. டிராஃப்ட் எண் என்பது பிறர் ஒருகாலத்தில் கொண்டிருந்த கருத்து மட்டுமே என்று ஏற்றுக்கொள்ள அணிகளுக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது.

ஓக்லஹோமாவும் 2024இல் அதைத்தான் செய்தது. 2021இல் 6ஆவது இடத்தில் எடுத்து மூன்றாண்டுகள் தொடக்க ஐவரில் ஆடவைத்த ஜாஷ் கிட்டியை, தேர்வுரிமை எதுவும் கேட்காமல், 30 வயது அலெக்ஸ் கருசோவுக்காக நேருக்கு நேர் சிகாகோவுக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு டாலஸுக்கு எதிரான தொடரில் எதிரணி கிட்டியை வெளியே தனியாக விட்டுவிட்டு மற்றவர்களைச் சூழ்ந்துகொண்டது. தொடரின் நடுவிலேயே அவர் தொடக்க ஐவரில் இடமிழந்தார். பந்து கையில் இருந்தால் பிரகாசிப்பவருக்கு, பந்து கில்ஜியஸ்-அலெக்சாண்டரிடமும் வில்லியம்ஸிடமும் இருக்கும் அணியில் வேலையில்லை. அவருடைய நீட்டிப்புப் பேச்சுக்கான காலமும் தொடங்கவிருந்தது. ஹார்டன் விஷயத்தில் கெடுவுக்கு நான்கு நாள் முன்பு விற்ற அதே மேலாளர், இம்முறை நான்கு மாதம் முன்பு விற்றார். கருசோ அடுத்த ஆண்டு டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், தன்னைவிட அரை அடி உயரமான நிகோலா யோகிச்சோடு மல்லுக்கட்டி நின்றார். கிட்டியும் சிகாகோவில் 14.6 புள்ளிகள், 8.1 ரீபவுண்டுகள், 7.2 அசிஸ்ட்டுகள் என்று மலர்ந்து, 10 கோடி டாலர் மதிப்புள்ள நான்காண்டு ஒப்பந்தம் பெற்றார். கோப்பை வந்த அடுத்த மாதமே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், வில்லியம்ஸ், செட் ஹோம்கிரன் மூவருடைய ஒப்பந்தங்களையும் ஓக்லஹோமா நீட்டித்தது; அவற்றின் கூட்டுத்தொகை 80 கோடி டாலரைத் தாண்டக்கூடும். கிட்டிக்கு அங்கே காசும் இருந்திருக்காது.

லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே 2023இல் வந்த புதிய தொழில் ஒப்பந்தம் இந்த நெருக்கடியை இன்னும் இறுக்கியிருக்கிறது. சம்பளச் செலவு, உச்சவரம்புக்கும் மேலே லீக் வகுத்த இரண்டாவது மேல்வரம்பைத் தாண்டும் அணிகள், பரிமாற்றத்தில் பல வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. பணம் சேர்த்துக் கொடுக்கவும் முடியாது. ஏழாண்டுகளுக்குப் பிந்தைய தேர்வுரிமையும் முடக்கப்படும். இரண்டு மூன்று பெருஞ்சம்பளக்காரர்களை வைத்திருக்கும் அணிக்கு மலிவு ஒப்பந்தத்தில் நன்றாக ஆடும் இளைஞர் ஒருவர் இல்லையென்றால் பிழைப்பே இல்லை என்ற நிலை உருவாகிவிட்டது. முன்பெல்லாம் பரிமாற்றத்தில் ஒப்புக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்ட வீரர்களை இப்போது அணிகள் எளிதில் விடுவதில்லை.

ஹூஸ்டன் அணியின் அண்மைக்கால முடிவுகளில் இவை எல்லாவற்றையும் ஒருசேரக் காணலாம். 2021 டிராஃப்டில் பெற்ற வீரர்களில் இருவருக்கு 2024 அக்டோபரில் ஒரே வேளையில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். 16ஆவது இடத்தில் வந்த அல்பெரன் ஷெங்கூனுக்கு ஐந்தாண்டுகள், 18.5 கோடி டாலர். 2ஆவது இடத்தில் வந்த ஜேலன் கிரீனுக்கு மூன்றாண்டுகள், 10.6 கோடி டாலர். யாரைத் தூணாகவும் யாரை விலைப்பொருளாகவும் அணி கருதியது என்பதை அந்த ஆண்டு எண்ணிக்கையே சொல்லிவிட்டது. 2025இல் 52 வெற்றிகளோடு மேற்கில் இரண்டாமிடம் பிடித்தும் முதல் சுற்றிலேயே கோல்டன் ஸ்டேட்டிடம் ஏழு ஆட்டங்களில் தோற்றார்கள். அந்தத் தொடரில் கிரீனின் சராசரி 13.3 புள்ளிகள். அந்தக் கோடையிலேயே கிரீன், டில்லன் புரூக்ஸ், 10ஆவது இடத் தேர்வு, ஐந்து இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமைகள் ஆகியவற்றைக் கொடுத்து 36 வயது கெவின் டுரான்டை ஃபீனிக்ஸிடமிருந்து வாங்கினார்கள். ஷெங்கூன், ஏமன் தாம்ப்சன், ஜபாரி ஸ்மித், ரீட் ஷெப்பர்ட் ஆகிய நால்வரும் தப்பினார்கள்.

இவர்களில் ஷெப்பர்டின் நிலைதான் கவனிக்கத்தக்கது. 2024 டிராஃப்டில் 3ஆவது இடத்தில் வந்தவர். முதல் சீசனில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 13 நிமிடங்கள்கூடக் கிடைக்கவில்லை. வெல்லத் தொடங்கிவிட்ட அணியில், ஃபிரெட் வான்விளீட் போன்ற தேர்ந்த பாயிண்ட் கார்டுக்குப் பின்னால், புதுமுகத்துக்கு ஒதுக்க இடமில்லை. 2025 செப்டம்பரில் வான்விளீட்டின் முழங்கால் தசைநார் கிழிந்ததால், திட்டமிட்டுக் கொடுக்கப்படாத நிமிடங்கள் ஷெப்பர்டுக்கு விபத்தாக வந்து சேர்ந்தன. நீட்டிப்புப் பேச்சுக்குத் தாம்ப்சன் தகுதி பெறுவது 2026 கோடையில், ஷெப்பர்ட் 2027 கோடையில். டுரான்டோடு கோப்பைக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே, இவ்விருவரில் யாருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்பதை அந்தத் தேதிகளுக்குள் ஹூஸ்டன் தெரிந்துகொண்டாக வேண்டும்.